கடலோர வீட்டில் புயல் ஷட்டர் பொருத்த எந்த டிரில், எந்த போல்ட்?

கேள்வி: கடலோரவீடு (மஹேபூர்)

அனைவருக்கும் வணக்கம். மொரிஷியஸில், மஹேபூரில் கடலுக்கு மிக அருகில் எங்கள் வீடு இருக்கிறது. 1970-களின் பிற்பகுதியில் என் மாமனார் கட்டிய வீடு. கூரை கான்கிரீட் தளம், சுவர்கள் சிமெண்ட் பிளாக், அதன் மேல் பூச்சு. 2024 சனவரியில் பெலால் புயல் வந்தபோது, தெற்குப் பக்க ஜன்னலுக்கு மறைப்பாக அடித்திருந்த பிளைவுட் பலகை பிளாஸ்டிக் பிளக்குகளோடு சேர்ந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. சுவரில் பிளக் இருந்த இடங்களில் பூச்சு மட்டும் கிண்ணம் போலப் பெயர்ந்து விழுந்திருந்தது.

இந்த முறை அலுமினிய நெளிதகடு ஷட்டர்கள் வாங்கியிருக்கிறோம். ஜன்னலுக்கு மேலே ஒரு சட்டம் நிரந்தரமாக இருக்கும். கீழே வரிசையாக போல்ட் முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும். புயல் எச்சரிக்கை வந்தவுடன் தகடுகளை மேல் சட்டத்தில் செருகிக் கீழே நட்டு போட்டு முடுக்க வேண்டும். பெரிய ஜன்னல் ஒன்றரை மீட்டர் அகலமும் 1.2 மீட்டர் உயரமும் உடையது. விற்றவர்கள் கொடுத்த பொட்டலத்தில் 8 மி.மீ. பிளாஸ்டிக் பிளக்குகளும் மஞ்சள் நிறப் பூச்சுள்ள திருகுகளும்தான் இருக்கின்றன. பழைய அனுபவத்துக்குப் பிறகு அவற்றை நம்ப மனம் வரவில்லை.

வீட்டில் சாதாரண இம்பாக்ட் டிரில் ஒன்று இருக்கிறது. அது போதுமா, அல்லது ரோட்டரி ஹேமர் வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ வேண்டுமா? விரியும் போல்ட், கான்கிரீட் திருகு, ரசாயனப் பசை என்று கடையில் மூன்று வகை காட்டினார்கள். எங்கே எதைப் பயன்படுத்துவது? எல்லா இடத்துக்கும் ரசாயனப் பசையே போட்டுவிட்டால் கவலை இல்லை என்று என் கணவர் சொல்கிறார். அது சரியா? அடுத்த புயல் பருவம் நவம்பரில் தொடங்குவதற்குள் வேலையை முடிக்க விரும்புகிறோம்.

பதில்: கட்டுமானம்_மோக்கா

வணக்கம் அம்மா. நீங்கள் எழுதிய ஒரு வரியிலேயே பாதி விடை இருக்கிறது. பூச்சு மட்டும் கிண்ணம் போலப் பெயர்ந்தது என்றால், அந்தப் பிளக்குகள் பிளாக்கைப் பிடித்திருக்கவே இல்லை, 20 மி.மீ. கனமுள்ள பூச்சைத்தான் பிடித்திருந்தன. பூச்சுக்கு எந்தச் சுமையையும் கணக்கில் எடுக்கக் கூடாது. போல்ட் எவ்வளவு ஆழம் பதிய வேண்டும் என்று பெட்டியோடு வரும் தாளில் போட்டிருக்கிறதோ, அந்த ஆழம் பூச்சைக் கடந்து, கான்கிரீட்டின் முகத்திலிருந்து தொடங்குகிறது. எடுத்துக்காட்டாக 60 மி.மீ. பதிய வேண்டும், பூச்சு 20 மி.மீ., சட்டத்தின் தகடு 5 மி.மீ., நட்டுக்கும் வாஷருக்கும் 15 மி.மீ. என்றால், நீங்கள் வாங்க வேண்டிய போல்ட்டின் நீளம் 100 மி.மீ. ஆகும். கடையில் 75 மி.மீ. போல்ட்டை எடுத்துக் கொடுத்தால் அது உங்கள் சுவரில் வெறும் 35 மி.மீ. தான் பிடிக்கும்.

ஆழத்தைக் குறைப்பதன் விலை மிகப் பெரியது. கான்கிரீட்டிலிருந்து போல்ட்டை இழுக்கும்போது, போல்ட்டின் அடிமுனையை உச்சியாகக் கொண்டு ஒரு கூம்பு வடிவக் கட்டியாகக் கான்கிரீட் பெயர்கிறது. அந்தக் கூம்பைப் பெயர்க்கத் தேவையான விசை, ஆழத்தின் ஒன்றரை மடிப் பெருக்கமாக வளர்கிறது. 40 மி.மீ. ஆழத்தை 60 மி.மீ. ஆக்கினால் தாங்குதிறன் ஒன்றரை மடங்கு அன்று, ஏறத்தாழ 1.8 மடங்கு ஆகிறது. அதே கூம்புதான் விளிம்புத் தூரத்தையும் தீர்மானிக்கிறது. கூம்பு முழுமையாக உருவாக வேண்டுமானால் போல்ட்டிலிருந்து கான்கிரீட்டின் விளிம்பு வரை ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரமும், ஒரு போல்ட்டுக்கும் அடுத்த போல்ட்டுக்கும் இடையே மூன்று மடங்கு தூரமும் இருக்க வேண்டும். 60 மி.மீ. ஆழத்துக்கு விளிம்பிலிருந்து 90 மி.மீ., இடைவெளி 180 மி.மீ. ஜன்னல் ஓரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி ஓட்டை போடுவது நம் ஊரில் வழக்கமாக இருக்கிறது; அந்த இடத்தில் விரியும் போல்ட்டை (முடுக்கும்போது ஓட்டைக்குள் அகன்று பிடிக்கும் வகை) முடுக்கினால் விளிம்பே வெடித்துவிடும்.

இப்போது சுமையைப் பார்ப்போம். காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. மணிக்கு 250 கி.மீ. வேக வீச்சுக்கு ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 300 கிலோ எடைக்குச் சமமான விசை கிடைக்கும். உங்கள் பெரிய ஜன்னலின் பரப்பு 1.8 சதுர மீட்டர். ஆக 540 கிலோ. வீட்டின் மூலைக்கு அருகில் உள்ள ஜன்னல் என்றால் காற்று சுவரைச் சுற்றித் திரும்பும்போது தகட்டை வெளிப்பக்கமாக உறிஞ்சுகிறது. அந்த உறிஞ்சல் இன்னும் நாற்பது விழுக்காடு வரை கூடலாம் என்று வைத்துக்கொண்டால் 750 கிலோ அளவுக்கு வருகிறது. பலரும் காற்று ஷட்டரை உள்ளே தள்ளும் என்று மட்டுமே நினைக்கிறார்கள். உள்ளே தள்ளும்போது சுவரே தாங்கிக்கொள்ளும். வெளியே இழுக்கும்போதுதான் போல்ட் தனியாக நிற்கிறது. 1975-இல் ஜெர்வேஸ் புயலில் 280 கி.மீ. வீச்சு பதிவானதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 250-க்கும் 280-க்கும் வேகத்தில் உள்ள வேறுபாடு சிறிது. விசையில் அது கால் பங்கு கூடுதல்.

இந்த 750 கிலோவில் பாதி மேல் சட்டத்துக்கும் பாதி கீழ் வரிசைக்கும் போகிறது. மேலே 375 மி.மீ. இடைவெளியில் ஐந்து போல்ட் வைத்தால் நடுவில் உள்ள ஒவ்வொன்றுக்கும் நூறு கிலோவை ஒட்டிய சுமை வரும். சட்டம் எல் வடிவத்தில் இருப்பதால் நெம்புகோல் போல இழுக்கும். அதற்காக இரண்டு மடங்கு எடுத்துக்கொள்வோம். நல்ல கான்கிரீட்டில் முறைப்படி பதித்த 8 மி.மீ. போல்ட்டுக்கு இருநூறு கிலோ பெரிய சுமை அன்று. இதை நான் விரிவாக எழுதுவதற்குக் காரணம், போல்ட்டின் பருமனைக் கூட்டுவதில் நீங்கள் பணத்தைச் செலவழிக்க வேண்டாம் என்பதுதான். 12 மி.மீ. போல்ட்டை உள்ளீடற்ற பிளாக்கில் அடித்தால் 8 மி.மீ. போல்ட்டை லிண்டலில் (ஜன்னலுக்கு மேலே வார்த்த கான்கிரீட் விட்டம்) அடித்ததைவிட மோசமாகவே இருக்கும்.

ஆகவே எந்த போல்ட் என்று முடிவு செய்வதற்கு முன்னால் சுவரைக் கேளுங்கள். சட்டம் வரப்போகும் இடங்களில் 6 மி.மீ. பிட்டால் சோதனை ஓட்டை போடுங்கள். முதலில் பூச்சு எளிதாகப் போகும், தூள் வெளிறியிருக்கும். பிறகு லிண்டலோ தூணோ இருந்தால் தூள் கருஞ்சாம்பல் நிறமாக மாறி, பிட் மெதுவாகவும் சீராகவும் இறங்கும். நம் கான்கிரீட்டில் உள்ள சல்லி எல்லாம் எரிமலைப் பாறையை உடைத்தது, அதனால் இடையிடையே பிட் நின்று தயங்குவதைக் கை உணரும். உள்ளீடற்ற பிளாக் என்றால் பூச்சைக் கடந்து மூன்று நான்கு சென்டிமீட்டருக்குள் பிட் திடீரென்று வெறுமையில் விழும். ஒவ்வோர் ஓட்டைக்கும் எத்தனை மி.மீ. பூச்சு, எங்கே விழுந்தது என்று சுவரிலேயே பென்சிலால் எழுதி வையுங்கள்.

1960-இல் அலிக்ஸ், கேரல் என்று இரண்டு புயல்கள் அடுத்தடுத்து வந்த பிறகுதான் இந்தத் தீவில் கான்கிரீட் வீடு பரவலாயிற்று. அந்தத் தலைமுறை வீடுகளில் லிண்டல் நன்றாகவே வார்க்கப்பட்டிருக்கும்; ஆனால் பூச்சிலும் சில சமயம் கான்கிரீட்டிலும் கடல் மணல் கலந்திருக்கும். கடலோரக் காயலில் மணல் எடுப்பது 2001-இல்தான் நிறுத்தப்பட்டது. பவள மணலில் உப்பு மிச்சம் இருந்திருந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்து, கான்கிரீட் உப்பி, நீளவாக்கில் விரிசல் விட்டிருக்கும். லிண்டலின் அடிப்பக்கத்தைச் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் நல்லது. பொத்தென்று கேட்டால் அங்கே எந்த போல்ட்டும் வேண்டாம், முதலில் கான்கிரீட்டைச் சரிசெய்ய வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை, உங்களுக்கு இல்லாவிட்டாலும் படிக்கும் மற்றவர்களுக்கு: பழைய குடியிருப்பு வீடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் பலகைச் சுவர் இருந்தால் அதில் யாரும் டிரில் வைக்கக் கூடாது.

பதில்: பட்டறை_குட்லண்ட்ஸ்

கட்டுமானம் ஐயா சொன்ன சுவர்ச் சோதனையை நானும் வழிமொழிகிறேன். நான் கேட், கிரில், ஷட்டர் சட்டம் ஆகியவற்றைச் செய்து பொருத்துகிறவன். ஆகவே கருவியைப் பற்றியும் இரும்பைப் பற்றியும் எழுதுகிறேன்.

இம்பாக்ட் டிரில்லில் பல் வைத்த இரண்டு தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று உரசித் துள்ளுகின்றன; அந்தத் துள்ளலுக்கு வலு கிடையாது, உங்கள் தோளின் அழுத்தத்தால்தான் பிட் இறங்குகிறது. பிளாக்குக்கும் பூச்சுக்கும் அது போதும். லிண்டலில் 10 மி.மீ. ஓட்டை போட முயன்றால் சல்லியில் பட்டு பிட் சறுக்கும், ஓட்டை வாய் அகன்று நீள்வட்டமாகும், பிட்டின் நுனி சிவந்து கார்பைடு உதிர்ந்துவிடும். ரோட்டரி ஹேமரில் உள்ளே ஒரு பிஸ்டன் காற்றை அழுத்தி, அந்தக் காற்று சுத்தியலை எறிகிறது. அதை அழுத்தத் தேவையில்லை. நேராகப் பிடித்தால் தன் வேலையைத் தானே செய்துகொள்ளும். எஸ்.டி.எஸ். பிளஸ் பிடியுள்ள, 2 முதல் 3 ஜூல் அடி வலுவுள்ள சிறிய எந்திரம் வீட்டு வேலைக்கு முற்றிலும் போதுமானது. எஸ்.டி.எஸ். மேக்ஸ் என்பது உடைப்பதற்கும் பெரிய துளைகளுக்கும் உரியது. கடைக்காரர் அதைக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒரே ஒரு வீட்டுக்கு என்றால் வாடகைக்கு எடுப்பதே சிக்கனம். ஆனால் பிட்டை மட்டும் புதிதாக, நல்லதாக வாங்குங்கள். வாடகை எந்திரத்தோடு வரும் தேய்ந்த பிட், 10 என்று எழுதியிருந்தாலும் அதைவிடச் சிறிய ஓட்டையைப் போடும். போல்ட் பாதியில் சிக்கிக்கொள்ளும், சுத்தியலால் அடித்து மரையைக் கெடுப்பீர்கள். நுனியில் நான்கு வெட்டு முனைகள் உள்ள பிட் சற்று விலை கூடுதல். கம்பியின் ஓரத்தில் பட்டாலும் சிக்காமல் வரும், ஓட்டையும் வட்டமாக இருக்கும்.

கம்பி நடுவில் மாட்டினால் தெரியும்: இறங்குவது நிற்கும், ஒலி மாறும், தூளில் மினுமினுப்பான துகள் வரும். அங்கே பலவந்தம் செய்ய வேண்டாம். லிண்டலின் கம்பியை வெட்டுவது வீட்டின் எலும்பை வெட்டுவது. இடம் மாற்றுங்கள், கைவிட்ட ஓட்டையின் ஆழத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளிப் போடுங்கள், அல்லது பழைய ஓட்டையைச் சுருங்காத கிரவுட் கலவையால் அடைத்துவிட்டு அருகில் போடுங்கள். சட்டத்தில் முன்கூட்டியே ஓட்டைகள் போட்டு வந்திருந்தால் இதற்கு இடம் கொடுக்காது. அதனால்தான் நான் சட்டத்தில் நீள்துளை வெட்டுவது வழக்கம்.

தூசி பற்றி ஒரு வார்த்தை. ஓட்டை போட்டு முடித்தவுடன் போல்ட்டை அடிக்கும் அவசரம் எல்லோருக்கும் உண்டு. ஊதுங்கள், கம்பி பிரஷ் விட்டுத் துடையுங்கள், மறுபடி ஊதுங்கள். தூள் வருவது நிற்கும் வரை. வாயால் ஊத வேண்டாம், கைப்பம்பு மலிவுதான். கண்ணாடியும் மூக்கை இறுக மூடும் நல்ல முகமூடியும் அணியுங்கள்.

அடுத்தது துரு. பொட்டலத்தில் வந்த மஞ்சள் திருகில் உள்ள துத்தநாகப் பூச்சு சில மைக்ரான் கனம்தான். தென்கிழக்குக் காற்று ஆண்டு முழுவதும் உப்பைக் கொண்டுவந்து தெளிக்கும் உங்கள் கரையில் அது நிலைக்காது. சுவரில் பழுப்புக் கோடு வழிவதற்கு முன்பே உள்ளே மெலிந்திருக்கும். உருக்கிய துத்தநாகத்தில் தோய்த்தது அதைவிடப் பல மடங்கு கனமான பூச்சு உடையது, உள்நாட்டில் வாக்குவாவிலோ குவாத்ர் போர்னிலோ அது போதும். மஹேபூருக்கு 316 ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள், போல்ட்டின் தலையில் ஏ4 என்று பொறித்திருக்கும். ஏ2 என்று இருந்தால் அது 304. அதில் மாலிப்டினம் இல்லை, கடல் காற்றில் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும். போல்ட் ஏ4 ஆகவும் நட்டும் வாஷரும் சாதாரண இரும்பாகவும் கொடுத்துவிடுவார்கள். மூன்றும் ஏ4 தானா என்று கடையிலேயே பாருங்கள்.

ஸ்டெயின்லெஸ்ஸுக்கு ஒரு குணம் உண்டு. நட்டை வேகமாக முடுக்கினால் மரைகள் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு இறுகி, பிறகு முன்னும் போகாது பின்னும் வராது. மூன்றாம் நிலைப் புயல் எச்சரிக்கை வந்து, மழை கொட்டும்போது, ஷட்டரின் நட்டு இப்படிச் சிக்கிக்கொண்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். மரையில் சிக்காமல் தடுக்கும் கிரீஸ் தடவுங்கள், கை ஸ்பேனரால் முடுக்குங்கள், பேட்டரி எந்திரத்தால் அன்று. அலுமினியத் தகட்டுக்கும் ஸ்டெயின்லெஸ் வாஷருக்கும் இடையே நைலான் அல்லது ரப்பர் வாஷர் ஒன்று வையுங்கள். இல்லாவிட்டால் உப்பு ஈரத்தில் அலுமினியம் அரித்து வெண்பொடியாகும்.

கான்கிரீட் திருகு எனக்குப் பிடித்தது. அது விரிவதில்லை, கான்கிரீட்டில் தானே மரை வெட்டிக்கொள்கிறது. அதனால் விளிம்புக்குச் சற்று அருகிலும் போடலாம். ஆனால் சாதாரணக் கான்கிரீட் திருகு கடினமாக்கிய எஃகு. வெளியில், ஈரத்தில், எச்சரிக்கை இல்லாமல் தலை முறிந்து விழுவதுண்டு. வெளிச்சுவருக்கு என்றால் ஸ்டெயின்லெஸ் உடலும் கடின நுனியும் கொண்ட வகைதான் வாங்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்: கடலோரவீடு

கட்டுமானம் ஐயாவுக்கும் பட்டறை அண்ணாவுக்கும் மிக்க நன்றி. இருவரும் சொன்னபடி 6 மி.மீ. பிட்டால் பெரிய ஜன்னலைச் சுற்றிச் சோதித்துப் பார்த்தோம். ஜன்னலுக்கு மேலே எங்கே போட்டாலும் கருஞ்சாம்பல் தூள், சீரான இறக்கம். பூச்சு 22 மி.மீ. இருந்தது. தட்டினால் கணீரென்று ஒலிக்கிறது. லிண்டலின் உயரம் 200 மி.மீ. என்று தெரிகிறது. இரண்டு பக்கமும் பிட் வெறுமையில் விழுந்தது. கீழே ஜன்னல் திண்ணையின் முகப்பில் முதலில் 50 மி.மீ. கெட்டியாக இருந்தது, அதற்குக் கீழே உள்ள வரிசையில் மறுபடி வெறுமை.

ஆகவே மேலே கவலை இல்லை என்று புரிந்துகொண்டேன். கீழ் வரிசையை என்ன செய்வது? அந்த 50 மி.மீ. கெட்டியான பகுதியிலேயே போல்ட்டுகளை வைத்துவிடலாமா? அல்லது அதற்குக் கீழே பிளாக்கில் ரசாயனப் பசை போடலாமா?

பதில்: கட்டுமானம்_மோக்கா

அந்த 50 மி.மீ. பட்டை என்பது திண்ணைக்காகத் தனியே வார்த்த மெல்லிய பலகை. மேலும் கீழும் விளிம்புக்கு 25 மி.மீ. தான் கிடைக்கும். அதில் விரியும் போல்ட் போட்டால் பலகை கிடைமட்டமாகப் பிளக்கும். அங்கே வைக்க வேண்டாம்.

மேலே, லிண்டலின் நடு உயரத்தில், ஜன்னல் விளிம்பிலிருந்து 100 மி.மீ. மேலே, ஏ4 விரியும் போல்ட் 8 அல்லது 10 மி.மீ. போடுங்கள். விரியும் போல்ட்டுக்கு ஓட்டையின் விட்டமும் போல்ட்டின் விட்டமும் ஒன்றே. சட்டத்தை இடத்தில் வைத்து அதன் வழியாகவே துளையிட்டு அடித்துவிடலாம். 8 மி.மீ. போல்ட்டுக்கு ஏறத்தாழ 20 நியூட்டன் மீட்டர் முறுக்கு, 10 மி.மீ. போல்ட்டுக்கு 45, சரியான அளவு பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும், அதையே பின்பற்றுங்கள். முறுக்கை அளந்து முடுக்கும் டார்க் ஸ்பேனர் ஒன்றை இரவல் வாங்குங்கள். முறுக்கு ஏறாமல் நட்டு சுற்றிக்கொண்டே போனால் போல்ட்டின் விரியும் முனை பிடிக்கவில்லை என்று பொருள். அந்த ஓட்டையைக் கைவிட வேண்டும். இன்னும் பலமாக முடுக்குவதால் அது பிடித்துவிடாது.

கீழே என்ன செய்வது என்பதைப் பிளாக்கில் தினமும் வேலை செய்கிறவர்கள் சொன்னால் நன்று.

பதில்: தள_மேற்பார்வை (எபேன்)

அம்மா, வணக்கம். நான் திருநெல்வேலியிலிருந்து வந்து இங்கே கட்டுமானத் தளத்தில் மேற்பார்வை செய்கிறேன். உள்ளீடற்ற பிளாக்கில் ரசாயனப் பசையை நாங்கள் அடிக்கடி பயன்படுத்துகிறோம், ஆனால் உங்கள் கணவர் நினைப்பதுபோல் பசையை ஓட்டையில் பீய்ச்சிவிட்டு கம்பியைச் செருகுவது அன்று. அப்படிச் செய்தால் பசை முழுவதும் பிளாக்கின் வயிற்றுக்குள் விழுந்து மறைந்துவிடும்; வெளியே பார்த்தால் நிறைந்தது போலத் தோன்றும். சல்லடை போன்ற பிளாஸ்டிக் உறை ஒன்று விற்கிறார்கள். அதை முதலில் ஓட்டையில் செருக வேண்டும். உறையின் அடியிலிருந்து தொடங்கி வாய் வரை பசையை நிரப்பி, மரையுள்ள ஏ4 கம்பியைச் சுழற்றிக்கொண்டே அழுத்தினால், பசை சல்லடைக் கண்கள் வழியாகப் பிதுங்கி, பிளாக்கின் ஓட்டுக்குப் பின்னால் ஒரு குமிழாக உறைகிறது. அந்தக் குமிழ்தான் பிடிக்கிறது. பசையின் ஒட்டும் தன்மையை அங்கே நம்பக் கூடாது.

செய்முறையில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. பசைக் குழாயில் காலாவதித் தேதி இருக்கும்; தகரக் கொட்டகையில் வெயிலில் கிடந்த குழாய் தேதி முடியாமலே கெட்டிருக்கலாம், ஆகவே நிழலில் வைத்திருந்ததை வாங்குங்கள். கலக்கும் மூக்கு வழியாக முதலில் வருவது இரண்டு நிறமாகத் திட்டுத் திட்டாக இருக்கும். நிறம் ஒன்றாகும் வரை அதைக் காகிதத்தில் பிழிந்து எறியுங்கள். நம் வெயிலில், முப்பது பாகை வெப்பத்தில், பாலியெஸ்டர் பசை சில நிமிடங்களிலேயே இறுகத் தொடங்கும். அதனால் காலை வேளையில் செய்யுங்கள், எல்லா ஓட்டைகளையும் துடைத்து உறை செருகித் தயாராக வைத்துக்கொண்டு பிறகு குழாயைத் திறவுங்கள். கடலோரத்துக்கும் ஈரத்துக்கும் வினைல் எஸ்டர் வகை மேலானது. இறுகிக்கொண்டிருக்கும்போது கம்பியை நேராக இருக்கிறதா என்று தொட்டு அசைக்கக் கூடாது. தாளில் போட்டிருக்கும் நேரம் முழுவதும் கழிந்த பிறகே நட்டைத் தொட வேண்டும், அப்போதும் பிளாக்குக்குக் குறித்த சிறிய முறுக்கு அளவே உண்டு. லிண்டலுக்குச் சொன்ன 20 நியூட்டன் மீட்டரை இங்கே பயன்படுத்தினால் பிளாக்கின் ஓடு உடையும்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் பிளாக்கின் ஓடு மூன்று நான்கு சென்டிமீட்டர் கனம்தான். மஹேபூரில் கடலோரத்தில், தெற்கு முகத்தில், நான் அதோடு நிறுத்த மாட்டேன். உங்கள் ஜன்னலுக்கு என் யோசனை வேறு. ஜன்னலின் கீழே உள்ள திண்ணைப் பலகையை எடுத்துவிட்டால் அதன் கீழ் உள்ள பிளாக்குகளின் வாய் திறந்திருக்கும். மேல் வரிசைப் பிளாக்கின் குழிகளில் கீழே காகிதத்தை அடைத்து, சிறு சல்லிக் கான்கிரீட்டை ஊற்றிக் குத்தி நிரப்புங்கள். நீளவாக்கில் 10 மி.மீ. கம்பி இரண்டு படுக்கவைத்து, அதன் மேல் திண்ணையை 150 மி.மீ. ஆழத்துக்குச் சேர்த்தே வார்த்துவிடுங்கள். பிளாக்கோடு சேர்ந்த ஒரு சிறு பீம் கிடைக்கும். நான்கு வாரம் விட்டு அதில் ஏ4 உள்மரை உறைகளை (உள்ளே மரை வெட்டிய குழாய்கள், ஷட்டர் மாட்டும்போது போல்ட்டை அதில் திருகலாம்) ரசாயனப் பசையால் பதிக்கலாம். உள்மரை உறை சுவரோடு சமமாக இருக்கும்; நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட் குழந்தைகளின் காலைக் கிழிக்காது. சாதாரண நாளில் பிளாஸ்டிக் திருகு ஒன்றால் வாயை மூடி வையுங்கள், உப்பும் எறும்பும் புகாது.

இது கொத்தனார் வேலை, செலவு கூடும். ஒரு ஜன்னலுக்கு ஒரு நாள் ஆகும். எல்லா ஜன்னலுக்கும் தேவையில்லை. காற்று நேரே படும் தெற்கு, கிழக்கு முகங்களுக்கும் பெரிய ஜன்னல்களுக்கும் செய்யுங்கள். சிறிய ஜன்னல்களுக்குச் சல்லடை உறை முறை போதும்.

பதில்: பட்டறை_குட்லண்ட்ஸ்

தம்பி சொன்ன பீம் யோசனை நன்று. என் வாடிக்கையாளர்களுக்கு இனி நானும் சொல்வேன். உடைக்க மனம் இல்லாதவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. சுவரை முழுவதுமாகத் துளைத்து, உட்பக்கம் 100 மி.மீ. சதுர எஃகுத் தகடு வைத்து, 10 மி.மீ. மரைக்கம்பியை ஊடே விட்டு இரண்டு பக்கமும் நட்டு போடுவது. அழகு குறையும், ஆனால் பிளாக்கின் ஓடு இரண்டும் சேர்ந்து தாங்கும். நட்டைப் பூச்சு நசுங்காத அளவுக்கு மட்டும் முடுக்குங்கள். வெளிப்பக்க ஓட்டையைச் சீலன்டால் அடையுங்கள், இல்லாவிட்டால் மழைநீர் பிளாக்கின் வயிற்றில் தேங்கும்.

கேள்வி கேட்டவர்: கடலோரவீடு

தெற்குப் பக்கத்துக்குப் பீம், மற்றவற்றுக்குச் சல்லடை உறை என்று முடிவு செய்திருக்கிறோம். கடைசியாக ஒன்று: பெலால் புயலில் பெயர்ந்த பழைய ஓட்டைகள் லிண்டலின் மேலும் சில இருக்கின்றன. புதிய போல்ட் அவற்றுக்கு அருகில் வரும். பூச்சை மட்டும் பூசி மறைத்துவிடலாமா?

பதில்: கட்டுமானம்_மோக்கா

பூச்சால் மறைக்க வேண்டாம். பழைய பிளக்கை முழுவதும் தோண்டி எடுத்து, ஓட்டையைத் துடைத்து, தண்ணீரால் நனைத்து, சுருங்காத கிரவுட்டால் அடிவரை குத்தி நிரப்புங்கள். அது நன்றாக இறுகிய பிறகு, அடைத்த ஓட்டையிலிருந்து குறைந்தது 60 மி.மீ. தள்ளிப் புதிய ஓட்டையைப் போடுங்கள். லிண்டலில் இடம் நெருக்கமாக இருந்தால் அந்த ஒரு போல்ட்டுக்கு மட்டும் விரியும் வகையை விட்டுவிட்டு, விரிந்து அழுத்தம் தராத ரசாயன முறையைப் பயன்படுத்துங்கள். எல்லாம் முடிந்து மறுநாள் ஒவ்வொரு நட்டையும் டார்க் ஸ்பேனரால் ஒரு முறை தொட்டுப் பாருங்கள். விரியும் போல்ட்டில் முதல் நாள் கொடுத்த இறுக்கத்தில் ஏறத்தாழ பாதி தானாகவே தளர்வது இயல்பு. நட்டு சிறிது நகர்ந்து நின்றால் சரி, நிற்காமல் சுழன்றால் அந்த போல்ட்டை மாற்றுங்கள். பிறகு தகடுகள் எல்லாவற்றையும் நல்ல வெயில் நாளில் ஒரு முறை முழுமையாக மாட்டிப் பார்த்து, எந்தத் தகடு எந்த ஜன்னலுக்கு என்று எண் எழுதி, நட்டுகளையும் ஸ்பேனரையும் ஒரே டப்பாவில் போட்டு வீட்டுக்குள் வையுங்கள்.